விளக்கு அணைந்த சந்து

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. கோட்டைக் குடியிருப்பின் எந்தப் படிக்கட்டிலும் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அதனால் ஆம்புலன்ஸ்காரர்கள் மாக் தின்னைத் தூக்கு நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலும் மார்பிலும் வாரால் கட்டியிருந்தார்கள். முன்னால் ஓர் இளைஞன், பின்னால் காதோரம் நரைத்த ஒரு பெரியவர். மாக் தின்னின் தலை தோளில் சாய்ந்து கிடந்தது. அவருடைய மகள் சாவ்யிங் ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் அப்பாவின் செருப்பும் வைத்துக்கொண்டு இரண்டு படி கீழே நின்றாள். செருப்பை எதற்கு எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இடது பக்கம் சாய்ங்க. இன்னும். அவரு கை சுவத்துல உரசுது பாருங்க."

"இதுக்கு மேல சாஞ்சா நான் கீழ போயிடுவேன்மா," என்றான் இளைஞன்.

"போனா போங்க. இத்தனை வருஷம் கழிச்சாவது உங்க ஆளு ஒருத்தர் இந்தப் படியில கால் வைக்கிறீங்களே, அதைச் சொல்லுங்க. எங்கண்ணன் செத்தப்ப கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதவங்கதானே நீங்க."

அப்பா மூச்சுக்குத் திணறுகிற நேரத்தில்கூட அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸைக் கண்டால் அவளுக்கு எப்போதும் அந்தப் பேச்சுதான். அவள் இப்போது வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் யாருக்காவது மயக்கம் வந்து வண்டி வந்தாலும் வாசலில் நின்று நாலு வார்த்தை விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் காலை முழங்காலால் தள்ளித் திருப்பிவிட்டு, மூச்சிரைக்கச் சொன்னார்:

"நாங்க வராம இருந்ததில்லம்மா. வந்தா, எந்தக் கதவுன்னு காட்டத்தான் இங்க ஆளு இருக்காது."

சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே பேச்சில்லை. கஞ்சிக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே ஒரு பக்கம் சரிந்தார். வைத்தியர் வந்து ஊசி குத்தினார், கறுப்பாக ஒரு கஷாயம் கொடுத்தார், பார்க்கலாம் என்றார். இன்று மத்தியானம் மூச்சு மாறியபோதுதான் சாவ்யிங் கீழே பல் டாக்டர் கடைக்கு ஓடிப் போன் செய்தாள்.

முதல் மாடி வந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார். கண்ணுக்கு நேரே இளைஞனின் முதுகு இருந்தது. இறுக்கிக் கட்டிய பெல்ட், தோள்பட்டைச் சின்னம், தொப்பி. அதைப் பார்த்ததும் செத்துக் கிடந்த வலது கை தவிர மற்ற உடம்பெல்லாம் உதறத் தொடங்கியது. நாற்காலி ஆடியது.

"அணைக்காதே!"

ஒரு நாள் முழுக்க வாய் திறக்காதவரின் குரல் படிக்கட்டு முழுவதும் கேட்டது.

"என்னப்பா? என்ன?"

"விளக்கை அணைக்காதடா! டேய்... இவங்க அவங்க இல்லடா!"

"யாரும் அணைக்கலப்பா. எல்லா விளக்கும் எரியுது. பாருங்க."

சந்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். மேலே குழாய்கள் வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருந்தன. சந்துப் பல்புகள் வரிசையாக எரிந்தன. அவை இரவும் பகலும் எரிபவை, பகலிலும் அங்கே வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. அணைக்க வேண்டுமென்று யாராவது நினைத்தாலும் அதற்குச் சுவிட்சே கிடையாது. அப்பா இடது கையை வாருக்கு வெளியே இழுத்து, சந்து முனையில் மூடிக்கிடந்த தன் குடைக் கடையை நோக்கி நீட்டினார். விரல்கள் எதையோ மேலே தள்ளுவதுபோல அசைந்தன.

மீனுருண்டை போடும் சுன் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, மாவு கையோடு வெளியே வந்து நின்றிருந்தாள். அப்பா மறுபடியும் "அவங்க இல்லடா" என்று கத்தியபோது அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் போலும் என்று சாவ்யிங் நினைத்தாள்.

கடை முனையைத் தாண்டித் தெரு வெளிச்சத்துக்கு வந்ததும் பெரியவர் நாற்காலியை இறக்கச் சொன்னார். கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். தலைக்கு மேல் ஒரு விமானம் கூரைகளை உரசுவதுபோல இறங்கியதால் அவர் என்ன சொன்னார் என்பது சாவ்யிங்குக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. குனிந்து அப்பாவின் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

*

கோட்டை என்று பேர்தான். மதிலைப் போர்க்காலத்திலேயே இடித்து, கல்லை விமான ஓடுபாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த கட்டடங்களும், நடுவில் குடை பிடிக்காமல் நடக்க முடியாத சந்துகளும். இப்போது அதையும் இடிக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது.

அந்தச் சந்தில் யாரும் வருஷத்தை எண்ணால் சொல்வதில்லை. அபின் காலம், சூதாட்டக் காலம், பொடிக் காலம், பல் டாக்டர் காலம் என்றுதான் சொல்வார்கள். சுன் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது சூதாட்டக் காலத்தின் கடைசியில். மூத்த பையன் பிறந்தது பொடிக் காலத்தில். கோட்டையின் குற்றச் சரித்திரத்தை எழுத வெளியிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், காமிராவும் மூக்கில் வைத்த கைக்குட்டையுமாக. அவர்களிடம் கேட்டால் எல்லாவற்றையும் ஒழித்தது போலீஸ் என்று சொல்வார்கள். சந்துக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, ஒரு கிண்ணம் மீனுருண்டையை இரட்டை விலைக்கு விற்று அனுப்புவார்கள்.

சாவ்யிங்குக்கு இருந்த ஒரே பெருமை, இந்தக் காலங்கள் எதிலும் தன் அப்பாவின் கை படவில்லை என்பது. அண்ணன் ஹோய் ஹெராயின் பொடியில் போனான். அது ஊருக்கே தெரியும். ஆனால் அப்பா அபினைத் தொட்டதில்லை, சூதாடியதில்லை, ஒருவனிடமும் கை கட்டி நின்றதில்லை. சந்து முனையில் முக்காலி போட்டுக் குடை ரிப்பேர் செய்து பிள்ளைகளை வளர்த்தார். 'கோட்டையா? ஐயோ, அங்கிருந்தா வர்றே?' என்று யாராவது முகத்தைச் சுளித்தால், 'எங்கப்பாவைப் பாத்துட்டு அப்புறம் பேசு' என்பாள் அவள். பெண் கேட்டு வந்த ஒருவன் அப்பாவைப் பற்றி ஏதோ இளக்காரமாகக் கேட்டதால் அந்த இடத்தையே வேண்டாம் என்று சொன்னவள்.

அதனால்தான் ஈமக்கூடத்தில் பூசாரி கொடிப் பேச்சை எடுத்ததும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆவிக்கொடி பிடிக்க யாரும்மா?"

"நான்."

"மகன்?"

"செத்துட்டான்."

"அண்ணன் பையன், தம்பி பையன்... தூரத்துச் சொந்தம்னாலும் பரவால்ல."

"நான்தான் இருக்கேன். எனக்கு ரெண்டு கை இருக்கு."

"கை இருக்கு, சரி." பூசாரி தலையைச் சொறிந்தார். "போன வாரம் ஒரு மருமகளே பிடிச்சா. கொடி ஒண்ணும் கோவிச்சுக்கல. தண்ணி வாங்கறதும் நீதானே?"

"நான்தான்."

கொடி பிடித்து அப்பாவின் ஆவியை முன்னால் நடத்திப் போவதும், காசு போட்டுத் தண்ணீர் வாங்கி வந்து அவர் முகத்தைத் துடைப்பதும் மகன் செய்ய வேண்டியவை. துடைக்க ஆளில்லாத முகம் இந்த உலகத்து அழுக்கோடு அந்த உலகத்துக்குப் போகும் என்பார்கள். அப்பாவை அப்படி ஆளில்லாப் பிணமாக அனுப்பக் கூடாது என்பது ஹோய் செத்த வருஷத்திலிருந்தே அவள் மனதில் இருந்த ஒன்று. அப்பாவுக்கு அவள் செய்யக் கூடியதாக இனி வேறெதுவும் மிச்சமில்லை.

துக்கத்துக்கு உடுத்தும் சணல் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் எழுந்தபோது வாசலில் சலசலப்பு கேட்டது. லாம் வந்திருந்தான். சந்தில் அவனுக்குக் கோணக்கழுத்து என்று பேர். ஜெயிலில் இருந்து வந்த நாளாக அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் சிகரெட்டை ஓசியில் ஊதிக்கொண்டிருந்தவன். இருவரும் பேசிக்கொண்டு அவள் பார்த்ததில்லை. இப்போது யாருடையதோ ஒரு பெரிய கோட்டுக்குள் புகுந்துகொண்டு, பின்னால் வளர்ந்த மகனையும் அழைத்து வந்திருந்தான்.

படத்துக்கு முன்னால் வந்து மூன்று தரம் வணங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவன் முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட விழுந்தான். ரத்த சொந்தம்தான் அப்படி விழும். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்திரிங்க," என்றாள் சாவ்யிங். "நாலு சிகரெட்டுக்கு இவ்வளவு பெரிய கும்பிடு வேண்டாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "கொடிய எம்பையன் பிடிக்கட்டும்மா. தண்ணி நான் வாங்குறேன்."

"எங்கப்பாவுக்கு நீங்க யாரு?"

"யாருமில்ல."

"அப்புறம்?"

"அவருக்குப் பையன் இல்லாம போனதுல பாதி என்னுது. அதான் கேக்குறேன்."

சுன் அக்கா மூலையில் உட்கார்ந்து செத்தவருக்காக எரிக்கும் காகிதத் தங்கக் கட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "லாம், வாய மூடு. இன்னிக்கு வேண்டாம்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலில் இருந்த பயத்தைச் சாவ்யிங் கவனித்துவிட்டாள். படிக்கட்டில் அப்பா கத்தியதும், சுன் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பியதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

லாமின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே காகிதப் பொருட்களை எரிக்கும் உலை இருந்தது. சுற்றிலும் சாம்பல் பறந்துகொண்டிருந்தது.

"கடைசியா எங்கப்பா ஒண்ணு சொன்னாரு. 'விளக்கை அணைக்காதே, இவங்க அவங்க இல்ல'ன்னு. உங்களுக்குப் புரியுதா அது?"

லாமுக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினான்.

"யூனிஃபார்மைப் பாத்தாரா?"

"ஆம்புலன்ஸ்காரங்களைப் பாத்தாரு."

"ம்." அவன் உலையின் இரும்புக் கதவைப் பார்த்தான். "சந்து விளக்குச் சுவிட்ச் எங்க இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"சுவிட்ச் கிடையாது. எப்பவும் எரியும்."

"இப்ப கிடையாது. அப்ப இருந்துச்சு. உங்கப்பா முக்காலிக்குப் பின்னால, பலகைக்கு அடியில. யூனிஃபார்ம் போட்டவன் எவனாவது சந்துக்குள்ள நுழைஞ்சா அவர் தட்டிவிடுவாரு. சந்து இருட்டாயிடும். மேல பொடிக் கூடத்துல நான் இருப்பேன். விளக்குப் போச்சுன்னா கதவை வெளியில பூட்டிட்டு, ஆளுங்களை மொட்டைமாடி வழியா ஓட்டிட்டுப் போவேன். திரும்ப விளக்கு எரிஞ்சா எறங்கி வருவேன். அதுதான் அவரு வேலை. நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

"பொய். எங்கப்பா குடை தச்சாரு."

"தச்சாரு. யாரு இல்லைன்னா? கோட்டைக்குள்ள குடை தச்சு எவன்மா ரெண்டு பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான்?"

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கை எழவில்லை. தான் படித்த பள்ளிக்கூடத்தின் நீலப் பாவாடை, அதற்கு அப்பா வாங்கித் தந்த வெள்ளைக் காலுறை என்று சம்பந்தமில்லாத சாமான்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"எம்பையனை மேல விடாதேன்னு எங்கிட்ட சொல்லியிருந்தாரு," என்றான் லாம். "ஹோய் சந்து வழியா வரமாட்டான். பக்கத்துக் கட்டடத்துல ஏறி மொட்டைமாடி வழியா எறங்குவான். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். காசு குடுக்கறவன் யாரு பிள்ளைன்னு கேக்கற இடமில்ல அது. அன்னிக்குப் படுத்தவன் எந்திரிக்கல. உதடு நீலமாயிடுச்சு. தண்ணி தெளிச்சேன், கன்னத்துல அடிச்சேன். மூச்சு இருந்துச்சும்மா. அப்ப விளக்கு அணைஞ்சுது."

"போலீஸ் வந்துச்சா?"

அவன் கோட்டின் மேல் விழுந்த சாம்பலைத் தட்டினான்.

"கேக்குறேன் இல்ல. போலீஸ் வந்துச்சா?"

"வரல. யாரோ போன் பண்ணி, ஆம்புலன்ஸ்காரங்க வந்தாங்க. ரெண்டு பேரு, ஒரு ஸ்ட்ரெச்சர். சந்து முனையில வெளிச்சம் அவங்க முதுகுப் பக்கம். தொப்பியும் பெல்ட்டும்தான் தெரியும். உங்கப்பா தட்டிட்டாரு."

உலைக்குள் ஏதோ காகித வீடு சரிந்து விழுந்தது. அவன் நிறுத்தாமல் பேசினான். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பதுபோலப் பேசினான்.

"எல்லாரும் ஓடினாங்க. நானும் பூட்டிட்டு ஓடினேன். அவனை உள்ள வச்சுப் பூட்டறோம்னு தெரியாம இல்ல. கை அதுபாட்டுக்குப் பூட்டிடுச்சு. அவங்க இருட்டுல சுவத்தைத் தடவித் தடவி, யாருக்கு உடம்பு முடியல, எந்த வீடுன்னு கேட்டுக்கிட்டே வந்திருக்காங்க. விளக்கு அணைஞ்சிருந்தா சந்துல யாரு எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், தெரியாது. திரும்பிப் போயிட்டாங்க. விளக்கு எரிஞ்சுது, நான் எறங்கி வந்தேன். உங்கப்பா சிரிச்சாரும்மா."

"என்ன?"

"சிரிச்சாரு. 'ஆம்புலன்ஸ்காரப் பசங்கடா! போலீஸ்னு நெனச்சு உன்னை வீணா ஓடவிட்டேன். வெறும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டுப் போறானுங்க பாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு ஒரு சிகரெட் குடுத்தாரு. நான் வாங்கிப் பத்தவச்சேன். பத்தவச்சுட்டுத்தான், 'மேல இருக்கிறது உம்பையன்'னு சொன்னேன்."

சாவ்யிங்குக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள், அப்போது வேலை பார்த்த பொம்மைத் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது அண்ணனைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வரலையா என்று அவள்தான் கேட்டாள். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு அவள் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கிறாள்.

பெற்றவர்களுக்கு முன்னால் போன பிள்ளையின் பெட்டியைத் தடியால் தட்டி, 'இப்படி விட்டுட்டுப் போனியே' என்று தகப்பன் திட்ட வேண்டும். ஹோயின் ஈமச்சடங்கில் அப்பாவின் கையில் தடியைக் கொடுத்தபோது அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. பிள்ளைமேல் எவ்வளவு பாசம் என்று சந்தே மூக்கில் விரல் வைத்தது. சாவ்யிங்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"மறுநாள் சுவிட்சைப் பிடுங்கிட்டாரு," என்றான் லாம். "ஒயரை நேரா முறுக்கி விட்டுட்டாரு, எப்பவும் எரியற மாதிரி. எங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? சுவிட்சை வைன்னு அவர் விரலை ஒடிச்சாங்க."

"குடைக் கம்பி அடிச்சுதுன்னு சொன்னாரு."

"பிடிச்சுக்கிட்டது நான். ஒடிச்சது வேற ஒருத்தன்." அவன் கோட்டின் பொத்தானைத் திருகினான். "அவர் வைக்கல. அடுத்த மாசமே ரெய்டு வந்து கொத்தா அள்ளிட்டுப் போயிட்டாங்க எங்களை. பொடிக் காலம் அப்படித்தான் முடிஞ்சுது, எங்க சந்துல."

முன்கூடத்திலிருந்து பூசாரியின் மணி கேட்டது. தண்ணீருக்கு நேரமாகிவிட்டது.

*

பூசாரி வெள்ளைக் கிண்ணத்தையும் ஒரு நாணயத்தையும் அவள் கையில் வைத்தார். ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை, பின்முற்றத்துக் குழாயே போதும் என்றார். துணைக்கு யாராவது ஊதுவத்தி கொண்டுபோக வேண்டும். சுன் அக்கா யாரும் கேட்காமலே எழுந்து வந்தாள்.

முற்றத்தில் தூறிக்கொண்டிருந்தது. சாவ்யிங் குழாய்க்கு முன்னால் நின்றாள். காசைப் போடவில்லை.

"உங்களுக்கும் தெரியுமா அக்கா?"

"சந்துல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் எல்லாரும் வாய மூடிட்டு இருந்தோம். நீ ஒருத்திதான் அவரை நிமிந்து பாத்தே. அதையும் கெடுப்பானேன்னுதான்."

"போன் பண்ணது யாரு? அதுவும் எல்லாருக்கும் தெரியுமா?"

சுன் அக்காவின் கையில் ஊதுவத்தி தூறலில் அணைந்துவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அது யாருக்கும் தெரியாது," என்றாள். பிறகு, "நான்," என்றாள்.

சாவ்யிங் திரும்பினாள்.

"துணி காயப்போட மேல போனேன். கதவு தெறந்து கெடந்துச்சு, ஹோய் கெடக்கறான். லாம் அவன் கன்னத்துல அடிச்சுக்கிட்டு இருக்கான். யாருகிட்டயும் சொல்லல நான். தெரு மருந்துக்கடைக்கு ஓடிப் போன் பண்ணிட்டு, அவங்க வந்ததும் அவங்க பின்னாலயே வந்தேன். சந்துல கால் வச்சோம், இருட்டாயிடுச்சு. அதுல ஒருத்தர் என்னைத்தான் கேட்டாரு. 'அம்மா, எந்த வீடு?'ன்னு. தெரு வெளிச்சத்துல உங்கப்பா முக்காலியில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. யூனிஃபார்மை உள்ள கூட்டிட்டு வந்தவ நான்னு தெரிஞ்சா என் புள்ளைங்க கதி என்னன்னு நெனச்சேன். 'தெரியாதுங்க. இங்க அப்படி யாரும் இல்ல'ன்னுட்டேன்."

"அக்கா..."

"மாடிப்படி பக்கத்துலயே இருந்துச்சும்மா. கை நீட்டிக் காட்டியிருந்தா போதும்."

அவள் முகத்தை மாவு காய்ந்த கையால் துடைத்துக்கொண்டாள். "அந்தாளுக்குத் தினம் ஒரு கிண்ணம் மீனுருண்டை குடுத்தேன். காசு வாங்கினதில்ல. ஏன்னு அவர் கேட்டதில்ல. சில நாளு, கேட்டுட மாட்டாரான்னு இருக்கும்."

சாவ்யிங்குக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை, தள்ளிவிடவும் தோன்றவில்லை. இந்தக் கைகள் தனக்குத் தலை பின்னிவிட்டவை என்பதும் அம்மா போன பிறகு இவள் அடுப்பில்தான் பாதி நாள் சாப்பிட்டோம் என்பதும் ஞாபகம் வந்தன. உலகமே தலைகீழாகிவிட்டாலும் குழாய் இருந்த இடத்திலும் கிண்ணம் கையிலும் அப்படியே இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

உள்ளிருந்து லாம் வந்து வாசலில் நின்றான். அவன் மகனுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தகப்பனுக்குப் பின்னால் நின்றான்.

"என்னம்மா, நான் வாங்கட்டுமா?" என்றான் லாம். "உன்னால முடியலைன்னா தப்பில்ல. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சந்துக்காரர்கள் முப்பது பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவள் நாணயத்தைக் குழாயடியில் போட்டாள். குழாயைத் திறந்து கிண்ணத்தைப் பிடித்தாள். அது நிரம்பி, கையில் வழிந்து, சணல் துணியின் முனையை நனைத்தது.

"கொடிய உங்க பையன் பிடிக்கட்டும்," என்றாள். "இது நான்தான்."

அவர்கள் இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பெட்டி திறந்திருந்தது. ஈமக்கூடத்து ஆட்கள் அப்பாவுக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். முகம் முழுக்க வெளுப்பாகப் பூசி, கன்னத்தில் சிவப்பு, உதட்டில் சாயம். கோணிப்போன வாயை நேராக்கி லேசாகச் சிரிக்கிற மாதிரி செய்துவிட்டிருந்தார்கள். அலங்காரம் நன்றாக இருப்பதாக வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சாவ்யிங்கின் கால் நின்றுவிட்டது.

பூசாரி ஒரு வெள்ளைத் துணியை நீட்டினார். "மூணு தரம். தொடாம, துடைக்கிற மாதிரி மேலால காட்டினா போதும். பூச்சு கலைஞ்சிடும்."

அவள் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்து அழுத்தித் துடைத்தாள். துணியோடு மாவுபோல வெள்ளை வந்தது.

"அம்மா, அம்மா, மெதுவா!"

கன்னத்தைத் துடைத்தாள். சிவப்பு இழுபட்டுக் காது வரை போனது. மறுபடி நனைத்தாள், மறுபடி துடைத்தாள். கண்ணின் கீழ் இருந்த கரும்புள்ளிகள் தெரிந்தன. சவரம் செய்யாமல் விட்ட தாடைக்கடியில் நரைமுடி தெரிந்தது. மூன்றாவது தரம் உதட்டைத் துடைத்தபோது வாய் தன்னுடைய பழைய கோணலுக்குத் திரும்பியது.

"போதும்மா," என்றார் பூசாரி. "மூணு ஆயிடுச்சு."

கிண்ணத்துத் தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. கண்ணிமை மடிப்புகளில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. சாவ்யிங் துணியைத் திரும்பவும் நனைத்தாள்.